பாத்திமா பீவியை 2001 மே 14ஐ வைத்து மட்டும்தான் நினைக்க வேண்டுமா?

24 நவம்பர் 2023 (கேள்வி)

நான் சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி. நேற்று நீதிபதி பாத்திமா பீவி கொல்லத்தில் காலமானார், வயது 96. இன்று வகுப்பில் பேச்சு வந்தது. 2001 மே 14இல் ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த தமிழ்நாட்டு ஆளுநர், அது செல்லாது என்று பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான் பேசினோம். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்பது தெரியும். ஆனால் யாரோ ஒருவர் முதலாவதாக இருக்கத்தானே வேண்டும்? அதைத் தாண்டி அவருடைய வாழ்க்கையில் எங்களைப் போன்றவர்கள் படிக்க என்ன இருக்கிறது?

25 நவம்பர் 2023

அம்மா, "யாரோ ஒருவர் முதலாவதாக இருக்கத்தானே வேண்டும்" என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். உச்ச நீதிமன்றம் தொடங்கியது 1950 ஜனவரியில். பாத்திமா பீவி அங்கே பதவியேற்றது 1989 அக்டோபர் 6ஆம் தேதி. இடையில் 39 வருடம் ஓடியிருக்கிறது, அந்த யாரோ ஒருவர் வரவே இல்லை. அவர் 1992இல் ஓய்வு பெற்றதும் அடுத்த பெண் நீதிபதியாக சுஜாதா மனோகர் வர 1994 ஆனது. அதற்கடுத்து ரூமா பால் 2000இல். வரிசையில் நின்றால் யாருக்காவது முதலிடம் கிடைத்துத்தான் தீரும் என்கிற கணக்கு இங்கே பொருந்தாது.

நான் வக்கீல் இல்லை. கீழ்க்கோர்ட்டில் நகல் எழுத்தராகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க்காக இருந்து, சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன். 1983 முதல் 2017 வரை 34 வருடம், நீதிபதியின் மேடைக்குக் கீழே கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அந்த மேசைதான் என் இடம். அங்கிருந்து பார்ப்பவனுக்கு பாத்திமா பீவியின் வாழ்க்கையில் பெரிய செய்தி 1989ம் கிடையாது, 2001ம் கிடையாது. 1958.

அந்த வருடம்தான் அவர் கேரள நீதித்துறையில் முன்சீப்பாக, அதாவது சிவில் வழக்குகளைக் கேட்கும் அடிமட்ட நீதிபதியாகச் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து, 1968இல் சப் ஜட்ஜ். 1972இல் தலைமை நீதித்துறை நடுவர். 1974இல் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர். 1983 ஆகஸ்ட் 4ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம். அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றம். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. இப்படி அடிப்படியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஏறியவர்களை, ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

25 நவம்பர் 2023, இரவு

மேலே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. முன்சீப் ஆவதற்கு முன்பு ஏழரை வருடம் அவர் வக்கீலாக இருந்தார். 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்று தங்கப் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர். அதே வருடம் நவம்பர் 14ஆம் தேதி பதிவு செய்துகொண்டு கொல்லத்தில் தொழில் தொடங்கினார். தலையில் முக்காட்டோடு ஒரு முஸ்லிம் பெண், 23 வயது, 1950இல் ஒரு மாவட்டக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிறார். நான் சேர்ந்த 1983இல்கூட எங்கள் பார் அசோசியேஷன் அறையில் பெண்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அதற்கு 33 வருடம் முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

26 நவம்பர் 2023

இன்று அரசியலமைப்பு நாள், அதனால் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் நேற்று எழுதியதில் ஒரு தவறு கண்ணில் பட்டது. "அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றம்" என்று எழுதிவிட்டேன். நேராகப் போகவில்லை.

அவர் பிறந்தது 1927 ஏப்ரல் 30, பத்தனம்திட்டாவில். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. ஆக, 1989 ஏப்ரல் 29ஆம் தேதி ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார். உச்ச நீதிமன்ற நியமனம் வந்தது அதற்குப் பிறகு, ஐந்து மாதம் கழித்து. கறுப்புக் கோட்டை மடித்து வைத்த பிறகு கூப்பிட்டிருக்கிறார்கள். இது நான் சரியாகக் கவனிக்காத விஷயம், இப்போது கவனித்த பிறகு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்ச நீதிமன்ற நீதிபதியாக வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து வருடம் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது பத்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். இவர் உயர் நீதிமன்றத்தில் இருந்தது 5 வருடம், 8 மாதம், சில நாள். வக்கீலாக இருந்தது ஏழரை வருடம், பத்து ஆகவில்லை. அப்படியானால் உயர் நீதிமன்றத்துக்கு ஒன்பது மாதம் தாமதமாக அனுப்பியிருந்தால் இந்தியாவின் முதல் பெண் உச்ச நீதிமன்ற நீதிபதி வேறு யாராவதாக, அதுவும் 1994இல்தான், வந்திருப்பார். கீழ்க்கோர்ட்டிலிருந்து வருபவர்களுக்கு எல்லாமே இப்படி நூலிழையில் தொங்குகிறது.

27 நவம்பர் 2023

நேற்றைய கணக்கு தவறு. ஒரு மூத்த வக்கீல் நண்பர் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "சிரஸ்தார், 124ஆவது உறுப்பின் மூன்றாவது உட்பிரிவுக்குக் கீழே இருக்கும் இரண்டாவது விளக்கத்தைப் படித்தீர்களா?" என்றார். படித்தேன். வக்கீலாகப் பதிவு செய்த பிறகு மாவட்ட நீதிபதிக்குக் குறையாத பதவியில் இருந்த காலத்தையும் அந்தப் பத்து வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திமா பீவி 1974 முதல் 1980 வரை மாவட்ட நீதிபதி. ஏழரையும் ஆறும் பதின்மூன்றரை. தகுதி தாராளமாக இருந்திருக்கிறது.

ஆகவே நூலிழை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சட்டம் அவருக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடுவதற்குத்தான் இத்தனை காலம் ஆனது.

29 நவம்பர் 2023

ஒருவர் கேட்கிறார்: வக்கீலிலிருந்து நீதிபதி ஆவதற்கும் கீழ்க்கோர்ட்டிலிருந்து நீதிபதி ஆவதற்கும் அப்படி என்ன வித்தியாசம், இரண்டு பேரும் ஒரே நாற்காலியில்தானே உட்காருகிறார்கள்?

வயதுதான் வித்தியாசம். உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல்களிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் 45, 50 வயதில் போவார்கள். 62 வரை பன்னிரண்டு முதல் பதினேழு வருடம் கையில் இருக்கும். அந்த மூப்பில்தான் தலைமை நீதிபதி பதவி வரும், அதிலிருந்துதான் பெரும்பாலும் டெல்லி. கீழ்க்கோர்ட்டிலிருந்து போகிறவர் மாவட்ட நீதிபதியாகப் பழுத்த பிறகு 56, 57இல் போவார். ஐந்தாறு வருடத்தில் ஓய்வு. தலைமை நீதிபதி வரிசையில் அவர் பெயர் வருவதற்குள் வழியனுப்பு விழா வந்துவிடும். இத்தனைக்கும் உயர் நீதிமன்ற இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கீழ்க்கோர்ட்டுக்காரர்களுக்கு என்பது வழக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர் ஆர். பானுமதி அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் பிறந்தவர், சிறிய ஊர்க் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி ஆனார். அப்போது வயது 33. சாமியார் பிரேமானந்தா மீதான வழக்கில் 1997இல் புதுக்கோட்டையில் தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். 2003இல் சென்னை உயர் நீதிமன்றம், பிறகு ஜார்க்கண்டில் தலைமை நீதிபதி, 2014இல் உச்ச நீதிமன்றம். பாத்திமா பீவி மாவட்ட நீதிபதி ஆனபோது வயது 47. பானுமதி உயர் நீதிமன்றத்துக்கே அதே வயதில் போய்விட்டார். முன்சீப், சப் ஜட்ஜ் என்ற அந்தப் பதினாறு வருடத்தின் விலை இதுதான். நான் அந்த அம்மாவைக் குறைத்துச் சொல்லவில்லை, அவரும் மலையேறித்தான் போனார். பாத்திமா பீவி அதே மலையை அடிவாரத்திலிருந்து ஏறினார் என்று சொல்கிறேன்.

2 டிசம்பர் 2023

மாணவி திரும்ப எழுதியிருக்கிறார்: "முன்சீப் கோர்ட் என்றால் வரப்புத் தகராறும் புரோநோட்டும்தானே ஐயா, அதில் என்ன சட்டம் இருக்கிறது?"

நியாயமான கேள்வி. நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

1986 என்று நினைக்கிறேன், காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊர்க் கோர்ட்டில் நான் நகல் பிரிவில் இருந்தேன். முதன்முறையாக ஒரு பெண் முன்சீப் மாற்றலாகி வந்தார். ஊரும் பெயரும் வேண்டாம். முதல் நாள் கோர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கு உள்ளவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். டவாலி (கோர்ட் சேவகர்) கதவைத் திறந்து சத்தம் கொடுத்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவர் வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் முதல் கட்டை எடுத்தார். பதினொன்றரைக்குள் வேடிக்கைக் கூட்டம் கலைந்துவிட்டது, வேடிக்கை எதுவும் இல்லை என்பதால்.

அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நீதிபதியின் அறையில்கூட இல்லை. மதிய இடைவேளையில் அவர் குடியிருப்புக்குப் போய் வருவார், அது முக்கால் கிலோமீட்டர் தூரம், மழைக்காலத்திலும் நடைதான். பொதுப்பணித் துறைக்கு எத்தனை கடிதம் போட்டோம் என்று எனக்குத் தெரியும், பாதியை நானே தட்டச்சு செய்தேன். அவர் இருந்த மூன்று வருடத்தில் அது வரவில்லை. அவர் போன பிறகுதான் வந்தது. இதை அவர் ஒருநாளும் எங்களிடம் புகாராகச் சொன்னதில்லை, அதனாலேயே எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ஒரு பாதை வழக்கு. இரண்டு பங்காளிகள், நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு சந்து. வாதியின் பக்கம் ஒரு கிழவி சாட்சி. அவர் சொன்னதை முன்சீப் கையால் எழுதுவார், அப்போதெல்லாம் சாட்சியம் முழுவதும் நீதிபதியின் கையெழுத்தில்தான் இருக்கும். எழுதி முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பல கோர்ட்டுகளில் அது "படித்துக் காட்டப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும், யாரும் படிக்க மாட்டார்கள். இவர் படித்தார். நிறுத்தி நிறுத்தி, கிழவிக்குக் காது கேட்கிற மாதிரி. பாதியில் கிழவி, "நான் அப்படிச் சொல்லலையே தாயி, சந்து எங்களுதுன்னு சொல்லலை, சந்துல நாங்க நடப்போம்னுதான் சொன்னேன்" என்றார். ஹாலே அமைதியாகிவிட்டது. சொந்தம் என்பதற்கும் நடக்கும் உரிமை என்பதற்கும் நடுவில் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கே திரும்பியது. திருத்தி எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

மேல் கோர்ட்டுகளுக்கு அந்தக் கிழவி போவதில்லை. அவருடைய காகிதம்தான் போகும். காகிதத்தில் தவறாக இறங்கிவிட்டால் டெல்லி வரை அது தவறாகவே போகும். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து படித்தாலும் கிழவி என்ன சொன்னார் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வழக்கை உண்மையில் கேட்பது முன்சீப்தான், மற்றவர்கள் படிக்கிறார்கள். பாத்திமா பீவி இப்படிப் பத்து வருடம் முன்சீப்பாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

3 டிசம்பர் 2023

"மற்றவர்கள் படிக்கிறார்கள்" என்று எழுதியதற்கு ஓய்வு பெற்ற ஒரு மாவட்ட நீதிபதி கோபித்துக்கொண்டார். முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தை முழுவதும் மறு ஆய்வு செய்ய வேண்டும், கொலை வழக்கு நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில்தான் நடக்கும், அங்கேயும் சாட்சியைக் கண்ணால் பார்க்கிறோம் என்கிறார். சரிதான். கொலை வழக்கை நான் மறந்தது பிழை. பாத்திமா பீவியும் 1974 முதல் அமர்வு நீதிபதியாக அந்த வேலையைச் செய்தவர்தான். சிவில் வழக்கைப் பொறுத்தவரை நான் சொன்னதில் நிற்கிறேன்.

10 டிசம்பர் 2023

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பாத்திமா பீவிக்குப் பத்து வயது இருக்கும்போது, 1937இல், திருவிதாங்கூரில் அன்னா சாண்டி முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி என்று அவரைத்தான் சொல்கிறோம். 1959 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். பாத்திமா பீவியின் அப்பா மீரா சாகிப் இந்த அன்னா சாண்டியைப் பார்த்துத்தான் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். மகளுக்கு வேதியியலில் மேல்படிப்பு படிக்க ஆசை இருந்தது. நடக்கிற காரியம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு தகப்பனுக்கு அந்தத் தைரியம் வருகிறது. பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்தது 1923இல். சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து ஒரு பெண் மேடையில் உட்கார்ந்தார், அதை ஒரு பத்து வயதுப் பெண்ணின் அப்பா பார்த்தார். பிறகு அந்தப் பெண் உட்கார்ந்ததை எத்தனை அப்பாக்கள் பார்த்தார்களோ.

யாரோ ஒருவர் முதலாவதாக இருக்கத்தானே வேண்டும் என்று மாணவி எழுதியதற்கு நான் முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

11 டிசம்பர் 2023

பார் கவுன்சில் தங்கப் பதக்கம் பற்றி ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார்கள். இன்றைய அகில இந்திய பார் தேர்வையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று நாம் அறிந்த பார் கவுன்சில் அமைப்பே 1961ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தில் வந்தது. 1950இல் நடந்த தேர்வு அதற்கு முந்தைய ஏற்பாடு. பதக்கம் பதக்கம்தான், அதில் மாற்றம் இல்லை.

17 டிசம்பர் 2023

தீர்ப்புகளைப் பற்றிக் கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது இரண்டரை வருடத்துக்குச் சற்று அதிகம். பெரிய அரசியலமைப்புத் தீர்ப்பு எழுதி வைக்க அது போதாது, மூப்பு வரிசையில் கடைசியில் இருப்பவருக்கு அந்த வேலை வருவதும் அரிது. ஆனால் 1991இல் கர்நாடகத்துக் குடிசைப் பகுதி வழக்கு ஒன்றில் அவர் எழுதிய தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்து மேம்பாட்டு வேலை தொடங்கிய அரசு, பிறகு அந்த அறிவிப்பை மாற்றுகிறது. அங்கே இருக்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் செய்ய முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இயற்கை நீதி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கிழவி ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டு எழுது.

ஓய்வுக்குப் பிறகு 1993இல் தேசிய மனித உரிமை ஆணையம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்ந்தார். 1997 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆளுநர். இனி 2001க்கு வந்துதான் ஆக வேண்டும், அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

25 டிசம்பர் 2023

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தான்சி என்ற அரசு சிறுதொழில் நிறுவனத்தின் நில வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்கு மூன்று வருடச் சிறைத் தண்டனை. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. ஆண்டிப்பட்டி உட்பட நான்கு தொகுதிகளில் கொடுத்த வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. அவர் நிற்காமலேயே கட்சி பெரும்பான்மை பெற்றது, சட்டமன்றக் கட்சி அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது, 2001 மே 14ஆம் தேதி ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். உறுப்பினர் இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற 164ஆவது உறுப்பின் நான்காவது உட்பிரிவுதான் ஆதாரம்.

நான் அப்போது பெஞ்ச் கிளார்க். அன்று எங்கள் கோர்ட் வராண்டாவில் நடந்த வாக்குவாதத்தில் நான் ஆளுநரின் பக்கம் பேசினேன். பெரும்பான்மை யாரைத் தலைவர் என்கிறதோ அவரைக் கூப்பிடுவதுதான் ஆளுநரின் வேலை, தகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க கோர்ட் இருக்கிறது என்பது என் வாதம். இன்று காலை உட்கார்ந்து அதையே இங்கே எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

25 டிசம்பர் 2023, மாலை

காலையில் எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்தப் பதவியேற்பு செல்லாது என்று 2001 செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை மறுபடி படித்த பிறகு அதை வைத்திருக்க மனம் வரவில்லை.

ஐந்து நீதிபதிகள் சொன்னது எளிமையானது. அந்த ஆறு மாதச் சலுகை, தேர்தலில் நின்று ஜெயித்து வரத் தகுதி உள்ளவருக்கு. தகுதியே இழந்தவர் ஆறு மாதத்துக்குள் எப்படி உறுப்பினராக முடியும்? அரசியலமைப்புக்கு எதிரானதை மக்கள் விருப்பம் என்ற பெயரில் ஆளுநர் செய்ய முடியாது. இதற்கு எதிராக வராண்டாவில் நான் பேசியதில் ஒரு வரிகூட இன்று நிற்காது. ஆளுநர் தவறினார். அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

எனக்கு வலிப்பது வேறு. 22 வருடம் கீழ்க்கோர்ட்டில் இருந்தவருக்கு, ஒருவரைக் கூண்டில் ஏற்றும் முன் அவர் ஏறத் தகுதி உள்ளவரா என்று பார்ப்பது கைப்பழக்கம். மனு எண்ணிடும்போதே அதைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கம் ராஜ் பவனில் ஏன் கைகொடுக்கவில்லை?

28 டிசம்பர் 2023

இரண்டு மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1999ஐயும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது.

ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமல் ஆளுநர் முடிவெடுக்க முடியாது என்று நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு அமைச்சரவை பரிந்துரைத்தபடி 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அதாவது, நீதிபதியைப் போலத் தானே மனுவைப் பார்த்து முடிவு செய்தார், இது உங்கள் வேலை இல்லை, நீங்கள் நீதிபதி இல்லை, ஆளுநர் என்று கோர்ட் சொன்னது. ஒன்றரை வருடம் கழித்து 2001இல் அவர் நீதிபதியைப் போலப் பார்த்திருக்க வேண்டிய இடத்தில் ஆளுநரைப் போல நடந்துகொண்டார். முதல் அனுபவம் இரண்டாவதில் வேலை செய்ததா என்பது என் ஊகம்தான், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2001இல் ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது நடந்தது, அதைத் தொடர்ந்து ஆளுநரைத் திரும்ப அழைக்க மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது, அவர் ராஜினாமா செய்துவிட்டுக் கேரளத்துக்குத் திரும்பினார். 43 வருடப் பொதுப்பணி அந்த வாரத்தோடு முடிந்தது.

29 டிசம்பர் 2023

நீதிபதிகள் ஓய்வுக்குப் பிறகு ஆளுநர் பதவியை ஏற்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். கூடாது என்பதே என் எண்ணம். கேரளத்திலிருந்து பாத்திமா பீவி நமக்கு ஆளுநராக வந்தார், நம் ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்று 2014இல் கேரளத்துக்கு ஆளுநராகப் போனார். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதிய கையால் அமைச்சரவை நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது, பார்ப்பவர்களுக்கு அது இன்னும் நீதிபதியின் கையெழுத்தாகத்தான் தெரிகிறது. தவறினால் தவறுவது ஆளுநர், அடிபடுவது நீதிபதியின் பெயர்.

26 ஜனவரி 2024

நேற்று இரவு பத்ம விருதுப் பட்டியல் வந்தது. பாத்திமா பீவிக்கு மறைவுக்குப் பின் பத்ம பூஷண். உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகு உச்ச நீதிமன்றம் கூப்பிட்டது, உலகத்தை விட்டே போன பிறகு விருது கூப்பிடுகிறது. 96 வயது வரை பத்தனம்திட்டாவில் இருந்தவர்தானே, உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாம். மனம் ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

4 பிப்ரவரி 2024

சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் சிலை இருக்கிறதே, அவரும் முன்சீப்பாக இருந்தவர்தானே என்று ஒருவர் நினைவூட்டினார். ஆமாம். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலையில் தொடங்கி, தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். சிலையில் காலில் செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். சென்னைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பேன். எங்கள் கோர்ட்டிலிருந்து போனவர் என்கிற உரிமைதான்.

11 பிப்ரவரி 2024

மாணவியின் கடைசிக் கடிதம். வக்கீலாகவே இருப்பதா, உரிமையியல் நீதிபதி ஆவதா என்று குழப்பம். முன்சீப் என்ற பெயரே இப்போது போய் உரிமையியல் நீதிபதி ஆகிவிட்டது, வேலை அதுதான். "எந்தத் தீர்ப்பைப் படித்தால் தெளிவு வரும் ஐயா?" என்று கேட்கிறார்.

தீர்ப்பு எதுவும் வேண்டாம் அம்மா. ஒரு திங்கட்கிழமை உங்கள் ஊர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்குக் காலை பத்தேகாலுக்கே போய்விடுங்கள். பத்தரைக்கு அழைப்பு வேலை தொடங்கும், வக்கீல்கள் நின்று வாய்தா வாங்குவார்கள், அது முடிய பன்னிரண்டு ஆகும், சலிப்பாக இருக்கும், எழுந்து வந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு கூட்டம் போய்விடும். நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். ஒரு சாட்சி கூண்டில் ஏறுவார். நீங்கள் சாட்சியையும் பார்க்காதீர்கள், வக்கீலையும் பார்க்காதீர்கள். நீதிபதி என்ன எழுதச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள், சாட்சி சொன்னதும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். மதியம் வரை இருந்துவிட்டு, சாயங்காலம் எனக்கு எழுதுங்கள்.

18 பிப்ரவரி 2024

போய் வந்திருக்கிறார். நான்கு பக்கம் எழுதியிருக்கிறார், அது அவருடையது, இங்கே போட மாட்டேன். ஒரு வரி மட்டும் அவர் அனுமதியோடு: சாட்சியத்தைப் படித்துக் காட்டினார்களாம்.

அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். இப்போதுதான் கேட்டு எழுதியிருக்கிறேன்.